சனியா, பேயா, மனசா? ‘பிடிச்சிருக்கு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்!

திருநள்ளாறு நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருபவர்களின் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும்: “பிடிச்சிருக்கு.” சனி பிடிச்சிருக்கு, பேய் பிடிச்சிருக்கு, பைத்தியம் பிடிச்சிருக்கு. மூன்றுக்கும் ஒரே சொல். குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சொல்லில் ஓர் ஆறுதல் உண்டு. நாட்டை இழந்து, மனைவியைக் காட்டில் விட்டுப்போன நளனை நாம் கெட்டவன் என்று சொல்வதில்லை. சனி விட்டதும் அவன் பழைய நளன். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது ஆபத்து.

மூன்றும் ஒன்றல்ல

உள்மனக் குரல்: தப்பு செய்யும்போது அப்பா திட்டுவதுபோல உள்ளுக்குள் கேட்பது. அது நம் நினைப்புதான் என்று நமக்கே தெரியும்.

கற்பனைத் தோழர்: “இங்க என் ஃப்ரெண்ட் உட்கார்ந்திருக்கான்” என்று குழந்தை காலி நாற்காலியைக் காட்டும். அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவின் 2004 ஆய்வில், 7 வயதுக்குள் 65% குழந்தைகளுக்கு இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. இதற்கு மந்திரிக்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரும் குரல்: யாரும் இல்லாதபோதும் நிஜமாகவே காதில் கேட்பது. திருவிழாவில் சாமி வந்து ஆடுபவர், மலையேறியதும் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நோயில் வரும் குரல் அப்படி விடுவதில்லை.

மானுடவியலாளர் தான்யா லூர்மன் குழு, சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் தலா 20 மனச்சிதைவு நோயாளிகளிடம் பேசியது. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்! அமெரிக்கர்களுக்கோ பெரும்பாலும் வன்முறைக் குரல்கள். நோய் ஒன்றுதான்; அது பேசும் விதத்தை ஊர் மாற்றுகிறது. ஆகவே, குரல் யாருடையது என்பதை வைத்து மட்டும் பேய் என்று முடிவுகட்ட முடியாது.

என்ன கேட்க வேண்டும்?

தூக்கம் போச்சா? சாப்பாடு, வேலை, படிப்பு நின்னுபோச்சா? அந்தக் குரல் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லுதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

கோயிலா, ஆஸ்பத்திரியா என்று சண்டை போடத் தேவையில்லை. குளத்தில் முழுக்குப் போடுங்கள். அப்படியே 14416-க்கும் ஒரு போன் போடுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.

ஏழரைச் சனி விலகக் காத்திருக்கலாம். மனநோய்க்கு அப்படிக் காத்திருந்தால், சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வதும் கஷ்டமாகும்.