காட்டுத்தீயும் குளிர்காலமும் கணக்கில் வர வேண்டும்

2023-இல் கனடாவில் சுமார் 1.5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் காட்டுத்தீக்கு இரையானது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட இது பெரிது. அந்தத் தீயிலிருந்து காற்றில் கலந்த கார்பன் ஏறக்குறைய 64.7 கோடி டன் என்று செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மதிப்பிட்ட ஆய்வு, அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியானது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஓராண்டில் அதைவிட அதிகக் கார்பனை வெளியிடும் நாடுகள் மூன்றே: சீனா, அமெரிக்கா, இந்தியா. ஆனால் கனடா ஐ.நா.வுக்கு அளிக்கும் உமிழ்வுக் கணக்கின் மொத்தத்தில் காட்டுத்தீ சேர்வதில்லை. அது இயற்கைச் சீற்றம் என்று தனியே குறிக்கப்பட்டு ஒதுக்கிவைக்கப்படுகிறது. எரிந்த காடு மீண்டும் வளர்ந்து வெட்டும் பருவத்தை எட்டியதும், அது உறிஞ்சும் கரியமில வாயு மட்டும் நாட்டின் வரவில் ஏறுகிறது. செலவை விட்டுவிட்டு வரவை எழுதும் இந்த முறை விதிகளுக்கு உட்பட்டதுதான். விதிகளைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

வடதுருவத்தைச் சூழ்ந்த மரமற்ற தூந்திரா நிலமும் அதற்குத் தெற்கே, கனடாவில் எரிந்தவை போன்ற ஊசியிலைக் காடுகளும் ஏன் இவ்வளவு முக்கியம்? அவற்றின் செல்வம் மரத்தில் இருப்பதைவிட மண்ணில்தான் அதிகம். குளிரில் இலையும் வேரும் பாசியும் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து, நிரந்தரமாக உறைந்த மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. அந்த உறைமண் பகுதியில் உள்ள கார்பன், இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. குறுகிய கோடையில் செடிகள் ஒளிச்சேர்க்கையால் கரியமில வாயுவை இழுக்கின்றன. மண்ணின் நுண்ணுயிர்களோ, பனி மூடிய பிறகும், மண்ணில் உறையாத ஈரம் இருக்கும்வரை மட்கவைத்து வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. இலையுதிர் காலம் வெப்பமானால் மண் உறைவது தள்ளிப்போகிறது. செடி ஓய்ந்துவிட்டது, நுண்ணுயிர் ஓயவில்லை. அலாஸ்காவின் வடகோடித் தூந்திராவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியேறும் கரியமில வாயு 1975-க்குப் பிறகு 73 சதவீதம் கூடியிருப்பதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோடையில் மட்டும் அளந்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

வடக்கு நிலம் கார்பனை உமிழத் தொடங்கிவிட்டது என்ற எச்சரிக்கையை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோமே, பழைய எச்சரிக்கை பொய்த்ததுதானே என்று ஒரு மறுப்பு உண்டு. அலாஸ்காவின் தூந்திரா உறிஞ்சும் நிலையிலிருந்து உமிழும் நிலைக்கு மாறிவிட்டது என்று ஆய்வாளர் வால்டர் ஓஷெல் குழுவினர் 1993-இல் எழுதினார்கள். 2000-இல் அதே குழு, கோடையில் நிலம் மீண்டும் உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தது. பலர் இதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். குளிர்கால வெளியேற்றத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கணக்கில் அந்த நிலம் இன்னும் உமிழ்கிறது என்ற முடிவும் அதே கட்டுரையில்தான் இருந்தது. செடிகள் வெப்பத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டது உண்மை. அந்தப் பழக்கம் குளிர்கால இழப்பை ஈடுகட்டப் போதவில்லை என்பதும் உண்மை.

இன்னொரு மறுப்பு வலுவானது: வடக்கு பசுமையாகி வருகிறது, வளரும் செடி கூடுதலாக உறிஞ்சாதா? உறிஞ்சுகிறது. ஆன்னா விர்க்கலாவும் பல நாட்டு ஆய்வாளர்களும் சுமார் 200 இடங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2020 வரை இந்த வடபகுதி முழுவதும் ஆண்டுக்குச் சராசரியாக 54.8 கோடி டன் கார்பனை உள்ளிழுத்தது. அந்த அளவு கூடியும் வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே உமிழும் பக்கம் சாய்ந்துவிட்டது. தூந்திரா சராசரியாகவே உமிழும் நிலமாக மாறத் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். தீயைச் சேர்த்தவுடன் 54.8 கோடி 31.9 கோடியாகக் குறைகிறது, கூடிவந்த போக்கும் உறுதியற்றதாகிவிடுகிறது. உறைமண் பகுதியை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது வெறும் 2.4 கோடி டன். கணிப்பின் பிழை வரம்பே அதைவிடப் பலமடங்கு பெரியது என்பதால் அதை வரவு என்றே சொல்ல முடியாது. தீயைச் சேர்க்கிறோமா இல்லையா என்பதுதான் இங்கே விடையைத் தீர்மானிக்கிறது.

எரிந்த காடு திரும்ப வளரும், ஆகவே தீயின் கணக்கு தானே நேராகிவிடும் என்று வனத்துறையினர் சொல்வார்கள். ஒரு காலத்தில் பெருமளவு அப்படித்தான் நடந்தது. தீ மேலே உள்ள மரத்தையும் மண்ணின் மேலடுக்கையும் மட்டும் தின்று, அடுத்த தீ வர நூறாண்டு போல ஆனால் இந்த வாதம் செல்லும். 2014-இல் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் எரிந்த காடுகளை ஆராய்ந்தவர்கள், அறுபது வயதுகூட ஆகாத காடுகளில் கணிசமானவற்றில், முந்தைய தீகளுக்குத் தப்பி மண்ணில் தங்கியிருந்த பழங்கார்பனும் எரிந்துபோனதைக் கண்டார்கள். மரம் சில பத்தாண்டுகளில் வளர்ந்துவிடும். பல நூற்றாண்டுகள் சேர்ந்த மண்ணை அது திருப்பித் தருவதில்லை. மேல்மண் எரிந்து போர்வை விலகினால் அடியில் உள்ள உறைமண்ணும் சூடேறி உருகுகிறது. அந்த இழப்பு தீ அணைந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

மின்னல் மூட்டிய தீக்கு ஒரு நாடு எப்படிப் பொறுப்பாகும் என்ற கேள்வி நியாயமானது. குற்றம் சாட்டுவது வேறு, கணக்கெழுதுவது வேறு. அபராதம் எதுவும் வேண்டாம். மொத்தத்தில் தீ தெரிய வேண்டும் என்பதே கோரிக்கை. வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள்ளோ 2 டிகிரிக்குள்ளோ நிற்க உலகம் இன்னும் எவ்வளவு உமிழலாம் என்ற அளவு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. வடக்கின் மண்ணும் காடும் அதில் ஒரு பங்கைத் தின்றால், இந்தியா போல இன்னும் வளர வேண்டிய நாடுகளுக்கு மிஞ்சுவது அந்த அளவுக்குக் குறைகிறது. உறைமண் ஒரே நாளில் வெடித்துவிடும் என்ற பயமுறுத்தலை நான் ஏற்கவில்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதிலிருந்து சுமார் 1,800 கோடி டன் கார்பன் கரியமில வாயுவாக வெளியேறலாம் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021-இல் தந்த மதிப்பீடு. ஆனால் அது கூறும் வரம்பு 310 கோடியிலிருந்து 4,100 கோடி வரை விரிகிறது. இவ்வளவு அகலமான வரம்பைக் குறுக்க அளவீடு தவிர வேறு வழியில்லை.

அளவீடோ சுருங்குகிறது. உறைமண்ணின் பெரும்பங்கு ரஷ்யாவில் இருக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அங்குள்ள நிலையங்களுடனான அறிவியல் கூட்டுறவு பெரும்பாலும் அறுந்துவிட்டது. மற்ற இடங்களிலும் காற்றின் அசைவையும் அதிலுள்ள வாயுவையும் நொடிக்குப் பத்து முறை பதியும் கோபுரங்கள் இருள்காலத்தில் மின்சாரமின்றியும் பனி படிந்தும் நின்றுபோகின்றன. பாரிஸ் உடன்பாட்டின் இரண்டாவது உலகக் கணக்கெடுப்பு 2028-இல் முடிய வேண்டும். அதற்குள் கனடா, அமெரிக்கா, ரஷ்யா, நார்டிக் நாடுகள் ஆகியவை தங்கள் உமிழ்வு மொத்தத்திலேயே காட்டுத்தீக்கும் உறைமண்ணுக்கும் தனிப் பதிவு ஒதுக்கட்டும். கோபுரங்களைக் குளிர்காலம் முழுவதும் இயக்க, நிலையான நிதியும் தரட்டும்.