இரண்டு அந்தோணியார்

ஆவடிச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோவிலில் அந்தோணியார் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிறார். என் மாமியார் ஊரிலோ நரைத்த தாடியும் கோலுமாக ஒரு கிழவர்! இருவரும் ஒருவர்தானா?"

இல்லை, அம்மா. குழந்தையை ஏந்தியவர் 1231-ல் காலமான பதுவை அந்தோணியார். தாடிக்காரர் அவருக்கு ஏறக்குறைய 900 வருஷம் மூத்தவர். எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்தவர். நம் ஜனங்கள் பாலையை விட்டுவிட்டு 'வனத்து அந்தோணியார்' ஆக்கிக் கொண்டார்கள். அவர் திருநாள் ஜனவரி 17. பொங்கலை ஒட்டியே வந்துவிடும்.

251-ஆம் ஆண்டு வாக்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு 18, 20 வயதிருக்கும்போது தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். மிஞ்சியது சுமார் 200 ஏக்கர் நல்ல நிலமும், ஒரு சின்னத் தங்கையும். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற வேத வாசகம் ஒரு நாள் கோவிலில் காதில் விழுந்தது. நிலத்தை ஊராருக்கே கொடுத்துவிட்டார். மற்றதை விற்று தானம் செய்தபோது, தங்கைக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று இன்னொரு நாள் கேட்டதும், அதையும் கொடுத்துவிட்டார்! தங்கையைக் கன்னிப் பெண்கள் சிலரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறதல்லவா? எனக்கும் தைத்தது. திருவாமூர்த் திலகவதியாரை நினைத்துக்கொண்டேன். அங்கே பெற்றோரை இழந்த அக்காள், தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தாள். இங்கே அண்ணன் தங்கையை விட்டுவிட்டுப் போகிறான். அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

பாழடைந்த கோட்டை ஒன்றில் 20 வருஷம் தனித்திருந்தார் அந்தோணியார். ரொட்டி வருவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கடைசியில் ஜனங்கள் கதவைப் பெயர்த்தபோது, எலும்புக்கூட்டை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆள் திடமாகவே இருந்தார்! பிறகு மலையடிவாரத்தில் அவரே தானியம் விளைவித்தார். தேடி வருகிறவர்களுக்காகக் கீரையும் போட்டார். தோட்டத்தை மிதித்த காட்டு மிருகத்தை மெல்லப் பிடித்து, "நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று கேட்டாராம். 356-ல், 105-ஆம் வயதில் காலமானார். புதைத்த இடம் சீடர் இருவருக்கு மட்டுமே தெரிந்தது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் அலெக்ஸாந்திரியா ஆயர் அதனாசியார். தங்கையின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் அவளை விட்டுவிடவும் இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு சமயம், அண்ணன் அவளை மறுபடி பார்க்கிறார். அவளும் கிழவியாகி, கன்னியாகவே இருந்து, மற்றக் கன்னியருக்குத் தலைவியாக இருக்கிறாள். அதைக் கண்டு அவர் மகிழ்ந்தாராம். அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் நூலில் இல்லை.