தேய்ந்த டயர் ஆபத்து!

தோலுக்கும் ஷூவுக்கும் பெயர் பெற்ற ஊர், ஆம்பூர். அடிப்பாகம் தேய்ந்த ஷூவை அந்த ஊர்க்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால், தன் கார் டயர் தேய்ந்திருப்பது அவர் கண்ணில் படுகிறதா?

டயரின் பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டர்தான். அதற்கும் கீழே தேய்ந்த டயருடன் கார் ஓடக்கூடாது என்கின்றன, 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள்.

பள்ளம் தேய்ந்தால் மழைநீர் விலகாது. டயர் தண்ணீர் மீது மிதக்கும். பிரேக் போட்டாலும் கார் வழுக்கும். வேலூர், ஆம்பூர் வழியாகச் செல்லும் பெங்களூர் சாலையோ, கார்கள் பறக்கும் சாலை!

"இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்பது சிக்கனம் அல்ல. செருப்பு வழுக்கினால் ஒருவர் விழுவார். டயர் வழுக்கினால் குடும்பமே கவிழும்!