மின்சாரம் போகும் இரவுகளில் டயகம: குப்பி விளக்குத் திரி சொல்லும் கணக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்துபோனபோது 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மண்சரிவும் வீதித் துண்டிப்பும் செய்தியாகின. அதே நாட்களில் தோட்டங்களில் நடந்த இன்னொன்று பெரிதாகப் பேசப்படவில்லை. மின்கம்பிகள் அறுந்து கிடந்த இரவுகளில், பரணில் தூசி படிந்து கிடந்த குப்பி விளக்குகள் மீண்டும் கீழே இறங்கின.

அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை ஒட்டி, தேயிலையும் பனிமூட்டமும் மட்டுமே எல்லையாக இருக்கும் இடம் டயகம. இந்தப் பக்கத்து மலைகளில் இறங்கும் மழைதான் ஆக்ரா ஓயாவாக ஓடி, கொத்மலை ஓயாவில் கலந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் போய்ச் சேருகிறது. 2012 இல் திறக்கப்பட்ட அந்த நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 150 மெகாவாற். டயகமவின் மழை கொழும்பில் விளக்கெரிக்கிறது. டயகமவில் புயல் அடித்தால் எரிவது லாம்பெண்ணெய்.

குப்பி விளக்கு என்பது பழைய போத்தல் ஒன்று, மூடியில் ஒரு துளை, துளைக்குள் ஒரு தகரக் குழாய், குழாய்க்குள் ஒரு திரி. இவ்வளவுதான். இதில் மிக மலிவான பொருள் திரி. வீட்டில் யாரும் யோசிக்காமல் கிழித்துப் போடுகிற பொருளும் அதுதான். ஆனால் விளக்கு ஒழுங்காக எரியுமா, புகைக்குமா, வெடிக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தத் துண்டுத் துணி.

திரி எரிவதில்லை, எண்ணெய்தான் எரிகிறது. நூலிழைகளுக்கு இடையில் உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே எண்ணெய் தானாகவே மேலேறுகிறது. மேலே வந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகி எரிகிறது. எண்ணெய் வந்துகொண்டிருக்கும் வரை திரி பெரிதாகக் கருகாது, எண்ணெய் வராவிட்டால் திரியே எரியத் தொடங்கும். தேங்காய் எண்ணெய் தடித்தது, உயரம் ஏறாது. அதனால்தான் அகல்விளக்கில் எண்ணெய் சுடருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மண்ணெண்ணெய் மெலிந்தது, போத்தலின் அடியிலிருந்து கழுத்து வரை ஏறிவிடும்.

இன்று உலகின் வேறொரு மூலையில் இதே திரிக்குப் பெரிய சந்தை இருக்கிறது. மின்சிகரெட்டின் சூடாக்கியைத் தாங்களே கட்டிக்கொள்பவர்கள், சுருள் கம்பிக்குள் செருகுவதற்கென்றே வெளுக்காத யப்பானியப் பஞ்சைப் பொதியாக வாங்குகிறார்கள். இறுக்கினால் திரவம் ஏறாமல் பஞ்சு கருகித் தொண்டையைச் சுடும், தளர்ந்தால் ஒழுகும் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். சிலர் பஞ்சிலுள்ள இயற்கை மெழுகு போகட்டும் என்று அவித்துக் காயவைக்கிறார்கள். புகைப் பழக்கத்துக்கு இவ்வளவு கவனம் கிடைக்கிறது. பிள்ளை படிக்கும் மேசையில் எரியும் விளக்கின் திரிக்கு அதில் பத்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

டயகமவில் முதல் சிக்கல் துணி. முன்பு பழைய வேட்டி, சேலைக் கரை, மாவு மூட்டைத் துணி என்று கிழித்தாலே பருத்தி கிடைத்தது. இன்று லயத்துக் கொடியில் காயும் உடுப்புகளில் பெரும்பகுதி பொலியெஸ்ரர் அல்லது கலப்பு நூல். பொலியெஸ்ரர் எரியாமல் உருகும். உருகியது குழாயின் வாயில் கட்டியாக இறுகி எண்ணெயை மறிக்கும், சில வேளை சூடான துளியாகச் சொட்டும். துணியைக் கண்டால் வேறுபாடு தெரியாது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, கையில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். மற்றது சுருண்டு, கறுத்து, கடினமான மணியாக நிற்கும். அப்படி நின்றால் அந்தத் துணி திரிக்கு ஆகாது.

இரண்டாவது சிக்கல் பனி. மண்ணெண்ணெய்த் திரிக்கு மெழுகு பெரிய தடையில்லை, எண்ணெயும் மெழுகும் ஒத்துப்போகும். ஈரம்தான் எதிரி. நூலின் இடைவெளிகளில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் எண்ணெய் ஏற இடமில்லை. சுடர் படபடக்கும், பொறி தெறிக்கும், அணையும். உடனே என்ன செய்கிறோம்? திரியை இழுத்து நீளமாக்குகிறோம். நீண்ட திரியில் எண்ணெய் அளவுக்கு மீறி ஆவியாகி முழுதாக எரியாமல் கரியாகிறது. சுவரும் கூரையும் மூக்கும் கறுக்கின்றன. டயகம மாதிரி மாதக்கணக்கில் மூட்டம் இறங்கும் இடத்தில் திரியை அடுப்பருகே நன்றாக உலர்த்தி, மூடிய டப்பாவில் வைத்திருப்பதுதான் வழி. போட்ட பிறகு எண்ணெய் மேல்நுனி வரை ஊறும்வரை சில நிமிடம் பொறுத்துக் கொளுத்த வேண்டும். நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, குழாய்க்கு மேலே கொஞ்சமாக மட்டும் விட வேண்டும். கருகிய நுனியைக் கையால் பிய்த்தால் பிசிர் நிற்கும், சுடர் கோணும்.

மூன்றாவதுதான் உயிர் போகும் சிக்கல். குழாய்க்குள் திரி தளர்வாக இருந்தால், அல்லது எரிந்து குறுகினால், அது வழுக்கி உள்ளே விழலாம். பாதி காலியான போத்தலுக்குள் எண்ணெய் ஆவி நிறைந்திருக்கும். மண்ணெண்ணெய் சாதாரண குளிரில் லேசாகப் பற்றாது, அதன் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் தேவை. எரியும் விளக்கின் கழுத்து அதைத் தாண்டிவிடும். அந்த எண்ணெயில் பெற்றோல் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம், பெற்றோல் உறைபனியிலும் பற்றும். அதனால்தான் எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது, பெற்றோல் இருந்த கலனில் லாம்பெண்ணெய் வாங்கக்கூடாது. விளக்கு கவிழ்ந்து பற்றினால் தண்ணீர் ஊற்றுவது தீயைப் பரப்பும். ஈரச் சாக்கால் மூட வேண்டும். உடம்பு சுட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுத்திருக்க, ஒரே கூரையில் வரிசையாய் வீடுகள் தொங்கும் லயத்தில், ஒருவர் வீட்டு விளக்கு ஒருவர் வீட்டோடு நிற்பதில்லை.

இந்தத் தொழில்நுட்பம் வடக்கில் இருக்கும் வாசகருக்குப் புதிதல்ல. 1990 இன் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. அப்போது யாழ்ப்பாணத்தில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு வைத்து அதில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி, சைக்கிள் வால்வுத் துண்டுக்குள் மெல்லிய திரி கோத்து, சுடரைப் போத்தலுக்குள்ளேயே வைத்தார்கள். காற்றில் அணையாது, எண்ணெய் குறைவாகவே போகும். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருந்ததால் கவிழ்ந்தாலும் ஒரேயடியாகக் கொட்டாது என்பதை அப்போது எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. அந்த வெளிச்சத்தில் உயர்தரம் எழுதியவர்கள் இன்று மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் இரண்டு விளக்கையும் ஏற்றியவர்கள். லயத்துக் குப்பியைச் சுமந்து போய், கிளிநொச்சியில் ஜாம் போத்தலைக் கற்றார்கள்.

தெற்கிலும் ஒருவர் இதை யோசித்தார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தன்னிடம் வந்த தீக்காயக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, கவிழாத விளக்கொன்றை வடிவமைத்தார். முன்மாதிரி நம் வீட்டு மார்மைட் போத்தல். குட்டையானது, தடித்த கண்ணாடி, கவிழ்ந்தாலும் உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் கொட்டாமல் இருக்கத் திருகு மூடி. 1998 இல் இதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சில ரூபாய்ச் செலவில் உயிர்காக்கும் இந்தப் பொருள் ஏன் தோட்டக் கடைகளில் சாதாரணமாகத் தொங்கவில்லை என்பது கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மின்சாரம் வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் குப்பி விளக்கு என்று கேட்பவர்கள் 2022 ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 31 இல் நாடு 13 மணிநேரம் இருளில் இருந்தது. ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அதே மாதம் 21 ஆம் திகதி இரவு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். முதல் நாள் வரை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஒரு லீற்றர், விடிந்தபோது நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் மேலும் 66 வீதம் ஏறியது. எண்ணெய் விலை பிறகு இறங்கினாலும் 87 ரூபாய்க்குத் திரும்பவில்லை.

விலையைச் செலவுக்கு ஏற்ப உயர்த்தி, ஏழைகளுக்கு நேரடி உதவி தருவது என்பதே அன்றைய அரசின் வாதம். பொருளியல் புத்தகத்தில் அது சரி. ஆனால் எண்ணெய் கட்டுப்படியாகாதபோது மக்கள் விளக்கை நிறுத்துவதில்லை, மலிவாக்குகிறார்கள். திரி சிறிதாகும், குழாய் இல்லாமல் மூடியில் துளை மட்டும் இருக்கும், கிடைக்கிற எண்ணெயெல்லாம் கலக்கும். விலைச் சூத்திரத்தில் இந்த ஆபத்துக்கு ஒரு நிரல் கிடையாது.

நன்றாக எரியும் குப்பி விளக்கும் நல்ல விளக்கல்ல. குழாய்த் திரி விளக்குகளில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 வீதம் கரித்துகளாக மாறுவதாக 2012 இல் வெளியான ஆய்வு கண்டது. வீடுகளில் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2014 இல் சொன்னது. பகலில் கொழுந்தெடுத்து, இரவில் ஜன்னல் மூடிய காம்பராவில் அதைச் சுவாசிக்கும் பெண்ணின் நுரையீரலுக்குப் பருத்தித் திரி முழுத் தீர்வாகாது. சூரிய ஒளியில் ஏறும் சிறு விளக்குதான் தீர்வு.

டித்வாவுக்குப் பிறகு வெளிநாட்டுத் தமிழர்களும் வடக்கு அமைப்புகளும் மலையகத்துக்கு அனுப்பிய உதவி கொஞ்சமல்ல. அடுத்த பருவமழைக்கு முன் அந்தப் பட்டியலில் வீட்டுக்கொரு சூரிய விளக்கைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. தோட்ட நிர்வாகத்திடமோ பிரதேச சபையிடமோ இதைக் கேட்பதற்கும் புயல் வர வேண்டியதில்லை. அது வரும்வரை டயகமவில் லாம்பு ஏற்றுகிறவர்கள் நூலைக் கொளுத்திப் பாருங்கள், திரியை உலர்த்துங்கள், குழாயில் வழுக்காத அளவுக்குச் செருகுங்கள். மார்மைட் போத்தல் இருந்தால் எறியாதீர்கள்.