தண்டவாளத்தின் இரு பக்கத் தோழர்களுக்கு

நாகரிகம் நொறுங்கி விழுந்தால் கம்ப்யூட்டர் அறிவு பிழைக்குமா? வேறு ஊரில் கேட்டால் வேலையற்றவன் கேள்வி என்பார்கள். நம் மும்பை சயானில் அப்படிச் சொல்ல முடியாது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு தாராவிச் சந்துகளுக்குள் ஏறி வந்தது. 2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுக்க மின்சாரம் போய், லோக்கல் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அன்று சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தில் 1990-ல் போரின்போது போன கரண்ட் வருஷக்கணக்கில் வரவில்லை. பேட்டரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். உலகம் ஒரே நாளில் மொத்தமாக அழிவது சினிமாவில்தான். நிஜத்தில் ஊர் ஊராக, முறை வைத்து உடைகிறது.

அப்படி நம் முறை வந்தால் எது மிஞ்சும்? முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். சிப் செய்யும் அறிவு மிஞ்சாது. இன்றைய மிக நுண்ணிய சிப்புகளுக்கு வேண்டிய, மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளிப் பொறியை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே கம்பெனிதான் செய்கிறது. நம் நாட்டுக் கதையும் உங்களுக்குத் தெரியும். மொஹாலியில் அரசு கட்டிய செமிகண்டக்டர் ஆலை 1989 பிப்ரவரியில் தீப்பிடித்தது. நாடு ஒன்றும் உடைந்துவிடவில்லை. ஆனாலும் அந்த ஆலை மீண்டு எழப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் உலகம் எங்கோ போய்விட்டது.

ஆக, புதிய சிப் கிடையாது. குப்பையில் கிடக்கும் பழைய சிப்புகள்தான் கையிருப்பு. விர்ஜில் துப்ரா என்ற கனடாக்காரர் இதை யோசித்துத்தான் 2019-ல் கொலாப்ஸ் ஓ.எஸ். என்று ஒன்றை எழுதினார். 1976-ல் வந்த இசட்-80 போன்ற எளிய சிப்பைப் பழைய சாமான்களிலிருந்து பெயர்த்தெடுத்து, கையில் கிடைத்ததைக் கொண்டு ஓட்டவைக்கும் இயங்குதளம். நல்ல யோசனை. ஆனால் சிப்பைப் பெயர்த்தெடுப்பது யார்? அது தெரிந்த கைகள் எங்கே இருக்கின்றன?

இங்கே இருக்கின்றன, தோழர்களே. சயான் ஸ்டேஷனுக்கு மேற்கே தாராவியில், நடந்தே போகும் தூரத்தில். நான் போய் உட்காரும் ஒரு ரிப்பேர் கடையில் செத்த போர்டு வந்தால் அந்தத் தம்பி உடனே கரண்ட் கொடுக்க மாட்டான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கெபாசிட்டர்களின் தலையை விரலால் தடவிப் பார்ப்பான். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தால் பாதி வேலை முடிந்தது. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து எங்கே ஷார்ட் என்று தேடுவான். பிறகு ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏர் கன்னை வட்டம் போட்டபடி காட்டுவான். ஈயம் ஒரு கணம் பளிச்சென்று மின்னும். அந்தக் கணத்தில் ட்வீசரால் ஐசியைத் தூக்க வேண்டும். முன்னால் தூக்கினால் அடியிலிருக்கும் செம்புத் தடம் பிய்ந்து வரும், பின்னால் தூக்கினால் ஐசி வெந்துவிடும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "பாத்தாத் தெரியும்ணே" என்றான். அவன் எட்டாவதோடு நின்றவன்.

தண்டவாளத்துக்குக் கிழக்கே மாட்டுங்கா. அங்கே வி.ஜே.டி.ஐ. இருக்கிறது, 1887-ல் தொடங்கிய கல்லூரி. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய இன்ஜினியரிங் புத்தகங்கள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. பூலியன் இயற்கணிதம் முதல் இயங்குதளம் வரை அச்சில் இருக்கிறது, அதுவும் பாதி விலைக்கு. மேற்கே கை, கிழக்கே ஏடு. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறோம். இரண்டும் ஒரு மேசையில் உட்கார்ந்ததுண்டா? திருநெல்வேலியிலிருந்தே சாதியை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அதைத் தண்டவாளத்தின் இரு பக்கமும் அவிழ்த்து வைத்தவர்கள் நாம். சோல்டரிங் அயர்ன் பிடிப்பவன் மெக்கானிக், சர்க்யூட் வரைபவன் இன்ஜினியர் என்று இன்றும் பிரித்துத்தான் பேசுகிறோம். உடையும் நாளில் இந்தப் பிரிவுதான் முதலில் நம்மைக் கொல்லும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே நகரத்தில் சாட்சி இருக்கிறது. கொலாபாவில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு சிறு குழு 1956-ல் முன்னோட்ட இயந்திரத்தையும், 1960-ல் முழுக் கணினியையும் கட்டி முடித்தது. சுமார் 2,700 வால்வுகள். 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். குழுவில் நரசிம்மனைத் தவிர மற்றவர்கள் அதற்கு முன் ஒரு கணினியைப் பயன்படுத்தியவர்களே இல்லை. அவர்களுக்கு வழிகாட்டியவை அமெரிக்காவில் முன்பே கணினி கட்டிய பிரின்ஸ்டன் குழு அச்சிட்டு வெளியிட்ட அறிக்கைகள். காகிதமும் சோல்டரிங் அயர்னும். அவ்வளவுதான் மூலதனம்.

இன்னொரு காகிதக் கதையும் உண்டு. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1976-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரலை விளக்கி ஒரு நூல் எழுதினார். பிறகு யூனிக்ஸுக்கு உரிமை வைத்திருந்த கம்பெனி, அந்த நிரலை வகுப்பில் பாடமாக நடத்தவே தடை போட்டது. மாணவர்கள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து உலகம் முழுக்கப் பரப்பினார்கள். சட்டப்படி அது அச்சேறியது 1996-ல்தான். இருபது வருஷம் ஓர் அறிவைக் காப்பாற்றியது ஜெராக்ஸ் கடை! முதலாளியின் பூட்டைத் திறந்தது நம்மைப் போன்றவர்களின் சில்லறைக் காசு.

உலகத்து நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளம் 2020-ல் 21 டெராபைட் நிரலைப் படச்சுருளில் பதித்து, வட துருவப் பகுதியில், ஸ்வால்பார்டில் ஒரு சுரங்கத்தில் வைத்திருக்கிறது. கூடவே ஐந்து மொழிகளில் வழிகாட்டி. இந்தி உண்டு, தமிழ் இல்லை. இருந்திருந்தாலும் வெள்ளத்தில் நிற்கிற தாராவிக்காரன் ஸ்வால்பார்டுக்கு எந்த வண்டி பிடிப்பான்?

அப்படியானால் நாம் பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வேண்டாம். கரண்ட் காணாமல் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகம் சில வருஷத்தில் மறக்கத் தொடங்கும். தொண்ணூறுகளில் நாம் டைப் செய்த துண்டறிக்கைகளை இன்று திறந்து பாருங்கள். ஆளுக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியேற்றம். எந்த நாகரிகமும் அழியவில்லை, ஆனாலும் நம் தமிழ் அங்கே குப்பை ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. அச்சடித்த நோட்டீஸ் மட்டும் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது.

அவசரம் எதற்கு என்றால், உடைவு நம் வாசலில் நிற்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக்காரருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் இருப்பவர், பின்னால் வந்தவர் எல்லாம் வெளியே. ஒருவனிடம் ஹாட் ஏர் கன், பக்கத்துச் சந்தில் உதிரிபாகம், அடுத்த சந்தில் மாலையில் சந்தேகம் கேட்க ஓர் ஆள். இப்படிப் பின்னிக் கிடக்கும் அறிவு, நகரத்தின் நாலு மூலைக்கும் சிதறினால் செத்துவிடும். வீட்டுக்காகப் போராடுகிறோம், போராடுவோம். அதோடு இதையும் செய்தாக வேண்டும்.

மாட்டுங்கா மாணவர்களே, வகுப்பு எடுக்க வராதீர்கள். கேட்டு எழுத வாருங்கள். எந்தச் சத்தத்துக்கு எந்தக் கோளாறு, எப்படி மின்னினால் ஈயம் இளகியது என்று அந்தத் தம்பி சொல்வதைத் தமிழில், படத்தோடு எழுதுங்கள். பதிலுக்கு லாஜிக் கேட்டுகளையும் அசெம்ப்ளி மொழியையும் அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். கடைக்காரத் தோழர்களே, தொழில் ரகசியம் என்று மறைக்காதீர்கள். சோல்டரிங் புகையும் ஆசிடும் உங்கள் நுரையீரலைத் தின்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். செம்பூர் ஆசிரியர்களே, பிழை திருத்தித் தாருங்கள். எழுதியதை நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, தமிழ்ப் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் ஊரிலுள்ள உங்கள் வீட்டு அலமாரியிலும் வைப்போம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சயான் கோட்டை அடிவாரப் பூங்காவுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு செத்த போர்டும் ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். மழைக்கு முன் முதல் நூறு பக்கம் முடிந்தாக வேண்டும்.