கப்பலுக்குப் பகல் இரவு கிடையாது

பெறுநர்: குடும்ப சுகாதார மேம்பாட்டுப் பிரிவு, சுகாதார அமைச்சு, புத்ராஜெயா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஒரு வெள்ளிக்கு ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் பார்த்து, மாத்திரையும் கொடுத்தனுப்பும் அரசு கிளினிக் நம் குடிமக்களுக்கு வாய்த்த பெரும் கொடை. ஆனால் அந்த ஒரு வெள்ளியை நீட்ட, ஆள் பெரும்பாலும் பகலில் கவுண்டருக்கு வர வேண்டும். போர்ட் கிள்ளானில் இரவெல்லாம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர் அந்த நேரத்தில் உறங்குவார். நெஞ்சு வலித்த பிறகுதான் முதன்முறையாக மருத்துவரைப் பார்ப்பார்.

உங்கள் அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வே சொல்கிறது: நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர். எல்லா இனத்தையும் சேர்த்துப் பார்த்தால், நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி வருகிறது என்பது 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் முடிவு. குறைந்த வருமானத்தாருக்கு 40 வயதிலிருந்து இலவசப் பரிசோதனை தரும் பெக்கா பி40 நல்ல திட்டம்தான். ஆனால் 40 வயது வரை காத்திருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தாமதம்.

இங்கிலாந்தில் 2009 முதல், 40இலிருந்து 74 வயது வரையுள்ளவர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதயப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அழைப்புக் கிடைத்தும் ஏறத்தாழப் பாதிப் பேர் போவதில்லை. ஆக, கடிதம் மட்டும் போதாது. தமிழ்நாடு வேறு வழி பிடித்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையையும் கையில் சேர்க்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவது வேலைதான். அளந்து எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த மாதம் மறந்துபோனால் யாருக்கும் பயனில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். துறைமுகத்துக்கு அருகிலுள்ள பண்டமாரான் அரசு கிளினிக்கின் தாதி ஒருவரையும் மருந்தாளர் ஒருவரையும் மாதம் ஒரு நாள், ஷிப்ட் மாறும் நேரத்தில், துறைமுக வாசலுக்கு அனுப்புங்கள். 30 வயதிலிருந்தே பாருங்கள். அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். மாத்திரை தேவைப்படுவோருக்கு அடுத்த மாதமும் அங்கேயே கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் மலாயோடு தமிழும் இருக்கட்டும். மேசை போட இடம் கேட்டு லோரி முதலாளிகளிடம் பேச நாங்கள் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்