காந்தாரத்தின் நிறம்

பரிபாடலின் 19ஆம் பாட்டு திருப்பரங்குன்றத்துக்கு நம்மை அழைத்துப் போகிறது. மலைக்கு வந்தவர்கள் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து, இவள் ரதி, இவன் மன்மதன் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். நப்பண்ணனாரின் அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் காந்தாரம் என்று ஏட்டுக் குறிப்பு சொல்கிறது. தொல்காப்பியமும் ஒவ்வொரு நிலத்துக்கும் மரம், பறவை, பறை, யாழ் என்று கருப்பொருள்களை வகுத்து, பொழுதையும் தனியே ஒதுக்குகிறது: குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை. இவற்றைச் சேர்த்துவைத்துப் பார்ப்பவருக்கு, ஒலியைக் கேட்டால் நிறம் தெரியும் சினஸ்தீசியாவைச் சங்கத் தமிழர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். பெருமைதான், ஆனால் தவறான இடத்தில் தேடிய பெருமை.

சினஸ்தீசியா ஆளுக்கு ஆள் மாறும்; அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை, வேண்டாமென்று நிறுத்தவும் முடியாது. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஸ்க்ரியாபினும் சுருதிகளுக்கு நிறம் உண்டென்று ரக்மானினோவிடம் வாதாடினார்கள். டி மேஜர் பொன்னிறம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். இ-ஃப்ளாட் மேஜர் வந்ததும் ஒருவருக்கு நீலம், மற்றவருக்குச் செவ்வூதா. ஸ்க்ரியாபினின் நிறங்கள் சுருதிகளின் ஐந்தாம் சுர வரிசையில் வானவில்லைப் போல ஒழுங்காக அமைந்திருப்பதால், அவர் நிறத்தை உண்மையிலேயே கண்டாரா, கணக்குப் போட்டு வைத்தாரா என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இன்றும் உண்டு. கண்டார் என்றே வைத்துக்கொள்வோம். தன் 'ப்ரோமிதியஸ்' படைப்பில் வாத்தியங்களோடு நிறவிளக்கு இசைக்கும் கட்டைக்கும் அவர் தனி வரி எழுத வேண்டியிருந்தது. 1915இல் நியூயார்க்கில் விளக்குகளோடு அது அரங்கேறியது. இசையே நிறத்தைக் கொண்டுசேர்க்கும் என்றால் விளக்கு எதற்கு? சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்திலிருந்து தாளங்களை எடுத்தாண்ட பிரெஞ்சுக்காரர் மெசியானும் ஒலியில் நிறம் கண்டவர்தான். தாளத்தைக் கேட்பவர் எண்ணிப் பார்த்துவிடலாம்; மெசியான் கண்ட நிறம் அவரோடு நின்றுவிடுகிறது. திணைக் கணக்கு இதற்கு நேர் எதிர். மலையையே பார்க்காத வைகைக்கரை மருதநிலத்துக்காரருக்கும் குறிஞ்சி யாழ் யாமத்தை உணர்த்தும் என்ற நம்பிக்கையில் கட்டியது அது. நரம்பில் தற்செயலாக நேர்ந்த கலப்பால் அப்படி ஒரு ஏற்பாடு உருவாகாது. பல தலைமுறை பாடிக் கேட்டுப் பழகிய உடன்பாடு வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனிடமிருந்தே வருகிறது. 2001இல் அவரும் எட்வர்ட் ஹப்பார்டும் ஒரு கூர்முனை உருவத்தையும் ஒரு வளைந்த உருவத்தையும் காட்டி, எது 'கிக்கி', எது 'பூபா' என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுபவர்களும் பெரும்பாலும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கூர்மையானது கிக்கி. புலன்களுக்கு இடையே எல்லார் மூளையிலும் வழி இருக்கிறது என்றால், திணையும் அதில் முளைத்ததுதானே? ஓரளவுக்கு ஆம். மேல்சுரம் வெளிச்சமாகவும் கீழ்சுரம் இருட்டாகவும் படுவது பரவலான இயல்பு. ஆனால் அந்த இயல்பு ஒரு பண்ணை ஒரு நிலத்தோடும் ஒரு பொழுதோடும் முடிச்சுப் போடுமளவுக்கு நீளாது. நீளுமானால் உலகத்து இசை எல்லாவற்றுக்கும் ஒரே பொழுதுப் பட்டியல் இருந்திருக்கும்.

உடன்பாட்டுக்கு ஒரு நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஸ்க்ரியாபினின் விளக்கு வரியை இன்றும் எடுத்து ஓட்டலாம். நல்லச்சுதனாரின் மெட்டோ போய்விட்டது. பழகிய காதுகள் போனதும் பண்ணின் பெயர் மட்டும் மிஞ்சியது. காந்தாரம் என்ற பெயரில் தேவாரத்திலும் ஒரு பண் இருக்கிறது. மதுரை ஆலவாயில் சம்பந்தர் பாடிய திருநீற்றுப் பதிகம் அந்தப் பண்ணில்தான். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜில் பாடுகிறார்கள். பழைய காந்தாரமும் இதுவும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்கும் மதுரைக்காரருக்கு நீற்றின் வெண்மை மனதில் எழுந்தால், பாண்டியனின் காய்ச்சல் தணிந்த கதையும் பதிகத்தின் சொற்களும் பழக்கிவைத்த வெண்மை அது. நவரோஜின் சுரங்களில் மட்டும் தேடினால் அது கிடைக்காது.